வேண்டாம் என்று சொன்ன வால்வு

அவைக்கு அணியாகவும் ஊருக்குத் துணையாகவும் வீற்றிருக்கும் தலைவர், பஞ்சாயத்து போர்டு தலைவர் உயர்திரு ராஜாராம் அவர்களே! கேட்டபோதெல்லாம் சாணமும், கெஞ்சியபோதெல்லாம் சம்மதமும் தந்த மாட்டுப்பண்ணைப் பெரியவர் ஜானகிராமன் அவர்களே! செய்யூரிலிருந்தும் கோவளத்திலிருந்தும் பங்குனி வெயிலைப் பாராமல் திருப்போரூருக்கு வந்திருக்கும் சான்றோர்களே! இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பந்தலை நிறைத்திருக்கும் தாய்மார்களே! இந்த மனையிலே பிறந்து, நான் வாய் திறக்கும் முன்பே வாய் திறந்து அழத் தொடங்கிவிட்ட வருங்காலப் பெருமக்களே! நம் தாய்சேய் நல மனையின் செயலாளர் என்ற முறையில் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஆண்டறிக்கை வாசிக்க என்னை அழைத்திருக்கிறார்கள். அறிக்கை அச்சாகி உங்கள் மடியில் இருக்கிறது. சிலர் அதை விசிறிக்கொண்டும் இருக்கிறீர்கள். விசிறுங்கள், அந்தப் பலனாவது கிடைக்கட்டும். நான் பேச வந்தது அதன் கடைசிப் பக்கத்தைப் பற்றி. அங்கே நான்காம் தீர்மானம் இருக்கிறது. "வெந்நீர் அறையில் கவனக்குறைவாக நடந்து பேராபத்துக்குக் காரணமான ஆயா முனியம்மாளைப் பணியிலிருந்து நீக்குவது." இன்னும் சிறிது நேரத்தில் தலைவர் அதை உங்கள் முன் வைப்பார். நீங்கள் கை தூக்குவீர்கள். ஒன்பது ஆண்டு வேலை ஒரு நொடியில் முடிந்துவிடும்.

அந்தத் தீர்மானம் என் அறிக்கையிலிருந்து பிறந்தது. என் அறிக்கையில் பொய் ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஒரு வரி குறைகிறது. அந்த வரியைச் சொல்லாமல் ஐந்து மாதம் உண்டேன், உறங்கினேன், உங்கள் முகம் பார்த்துச் சிரித்தேன். இன்று சொல்லிவிடப் போகிறேன்.

அன்பர்களே, வெந்நீர் இல்லாத பிள்ளைப்பேறு உண்டா? கை கழுவ வெந்நீர், கருவி கழுவ வெந்நீர், தாய்க்கு வெந்நீர், சேய்க்கு வெந்நீர்! இத்தனைக்கும் எட்டு ஆண்டு காலம் ஓர் அண்டா, அடியிலே செய்யூர்ச் சவுக்கு விறகு, அருகிலே முனியம்மா. மழைக்காலத்தில் விறகு எரியாது, புகையும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊதுவாள். ஒரு நாள் நீர் ஆறிக் கிடக்கும். ஒரு நாள் கொதித்துக் கையைப் பொசுக்கும். அளவு சொல்ல யாரும் இல்லை.

அப்போதுதான் கல்கத்தாவில் கடையைக் கட்டிக்கொண்டு கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் விருந்தினர் விடுதியிலிருந்து, முப்பது கேலன் நீர் பிடிக்கும் வாயுக் கொதிகலன் ஒன்று நமக்கு நன்கொடையாக வந்தது. கூட்ஸ் வண்டியில் செங்கற்பட்டு. அங்கிருந்து மாட்டு வண்டியில் திருப்போரூர். வாயுவுக்கு எங்கே போவது? பண்ணையின் சாணத்தைக் குழியில் ஊறவைத்து, மேலே இரும்பு டிரம்மைக் கவிழ்த்து, அதில் சேரும் வாயுவைக் குழாயில் கொண்டுவந்தோம். அங்கே யாரோ மூக்கைப் பிடிக்கிறீர்கள். பிடிக்காதீர்கள் அம்மா, உங்கள் பேத்தியைக் குளிப்பாட்டியது அந்த நெருப்புதான்!

கல்கத்தாக் கருவியைத் திருப்போரூர்ச் சாண வாயுவுக்குப் பழக்கியவர் செங்கற்பட்டு மெக்கானிக் ஷஃபியுல்லா. பம்புசெட்டும் பெட்ரோமாக்ஸும் பழுது பார்ப்பவர். அவர்தான் எனக்கு அதிலிருந்த வால்வைக் காட்டினார். கைப்பிடி அளவுப் பித்தளை. ஆனால் என்ன அறிவு! தொட்டியின் நீருக்குள் ஒரு செப்புக் குழாய் நீண்டிருக்கிறது. அதனுள்ளே சூட்டுக்கு நீளாத வேறொரு உலோகக் கம்பி. நீர் சூடானால் செம்பு நீளும். செம்பு நீண்டால் கம்பி பின்வாங்கும். கம்பி பின்வாங்கினால் வாயுவின் வழி மூடும். பெரிய நெருப்பு அடங்கும். நீர் ஆறினால் செம்பு சுருங்கும், வழி திறக்கும், வாயு வரும். வருகிற வாயுவைப் பற்றவைக்கப் பக்கத்திலேயே ஒரு சிறு சுடர் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். அதைக் குட்டி விளக்கு என்போம்.

அந்தக் குட்டி விளக்கு அணைந்துபோனால்? அதற்கும் காவல் உண்டு. சுடர் ஒரு சிறு முனையைச் சுட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தச் சூட்டில் பிறக்கும் துளி மின்சாரம் ஒரு காந்தத்தைப் பிடித்து நிறுத்துகிறது. சுடர் போனால் சூடு போகும், சூடு போனால் பிடி போகும், பிடி போனால் வாயு அடியோடு அடைபடும். மறுபடி ஏற்ற வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு ஏற்ற வேண்டும். முனை சூடேறியபின் கையை எடுக்கலாம்.

இதையெல்லாம் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் விளக்கினேன். கைதட்டினார்கள். நாள்தோறும் அதன் எதிரே நிற்கும் முனியம்மாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "தொடாதே" என்றேன்.

அவள் கேட்டாள்: "இன்னாம்மா இது, ஆளே இல்லாத அடுப்பு? யாரு பாத்துக்குவாங்கோ?"

"அதுவே பார்த்துக்கொள்ளும்" என்றேன்.

"தானா பாத்துக்கிற அடுப்ப நான் எங்க பாத்தேன்? தானா பாத்துக்கிற புருசனையே பாத்ததில்ல" என்றாள்.

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்துவிட்டுப் போய்விட்டேன். பதில் சொல்லியிருக்க வேண்டும்.

சென்ற ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நர்ஸ் ஊருக்குப் போயிருந்தார். வார்டில் ஆள் இல்லை. வெந்நீர் அறையைப் பூட்டும் வேலை முனியம்மாவுக்கு வந்தது. தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன்: உள்ளே நெருப்பு எரிய, வெளியே கதவைப் பூட்டிவிட்டு நீங்கள் போவீர்களா? போகமாட்டீர்கள். அவளும் போகவில்லை. சரி, அணைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விளக்கை வாயால் ஊதுவீர்களா? மாட்டீர்கள். அவளும் ஊதவில்லை. தலையிலிருந்த அரளிப் பூவைக் கிள்ளி, சுடரின் மேல் மெல்ல வைத்து, மரியாதையோடு அதைக் குளிரவைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். ஒரு கருகிய இதழ் சுடரின் வாய்க்குள் இறங்கிவிட்டது.

மறுநாள் காலை தொட்டியில் நீர் பச்சைத் தண்ணீர். செங்கற்பட்டு பஸ் கண்டக்டரிடம் ஷஃபியுல்லாவுக்குச் சொல்லியனுப்பினேன். நண்பகலில், கொட்டும் மழையில், கோவளத்திலிருந்து சம்சாத் பேகத்தை ஜட்காவில் கொண்டுவந்தார்கள். எட்டாம் மாதம். ஒரு மணிக்குப் பெண் குழந்தை. எடை மூன்றரை ராத்தல். உள்ளங்கால் நீலம். "சூடு வேணும், இப்பவே வேணும்" என்றார் அன்று காலைதான் ஊரிலிருந்து திரும்பியிருந்த நர்ஸ். தொட்டிலைச் சுற்றி வெந்நீர்ப் புட்டிகள் வைக்க வேண்டும்.

ஓடினேன். பொத்தானை அழுத்தினேன், தீக்குச்சி கிழித்தேன், சுடர் வந்தது. மெலிந்து, சாய்ந்து, நோயாளி போல நின்றது. கையை எடுத்தேன், போயிற்று. மீண்டும் அழுத்தினேன், மீண்டும் போயிற்று. ஐந்து முறை அந்த வால்வு "வேண்டாம்" என்றது. ஐந்து முறையும் எனக்குக் கோபம் வந்தது. எல்லாம் தெரிந்தவள் அல்லவா நான்? பி.ஏ. படித்தவள் அல்லவா? காவல் பொத்தான் பழுது என்று நானே முடிவு கட்டினேன்.

சபையோரே, அறிக்கையில் இல்லாத வரி இதுதான்: காயத்துக்குக் கட்டும் துணியை எடுத்து, அந்தப் பொத்தானை அழுத்தியபடியே வைத்து, என் கையாலே இறுக்கிக் கட்டினேன்.

இன்னும் கேளுங்கள். பெரிய நெருப்பு "பக்"கென்று பற்றியது. நீர் சூடேறியது. புட்டிகளை நிரப்பினோம். குழந்தையின் பாதம் மெல்ல மெல்லச் சிவந்தது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். என் பின்னால் என்ன நடந்தது? நீர் உரிய சூட்டை அடைந்ததும் செம்பு தன் கடமையைச் செய்து பெரிய நெருப்பை அடக்கியது. இதழ் அடைத்த குட்டி விளக்கும் மூச்சுத் திணறி அணைந்தது. நாங்கள் மேலும் வெந்நீர் எடுத்தோம். தொட்டிக்குள் தண்ணீர் வந்தது. செம்பு மறுபடி தன் கடமையைச் செய்து வழியைத் திறந்தது. வாயு வந்தது. அதை வரவேற்க நெருப்பில்லை. அதைத் தடுக்க வேண்டிய காவலனை நான் கட்டிப் போட்டிருந்தேன்.

நாற்றம் தெரியவில்லையா என்கிறீர்களா? நம் மனையில் என்றைக்கு ஐயா சாண நாற்றம் இல்லை?

அந்த வேளையில் முனியம்மா, பிள்ளை பெற்ற அறைக்குச் சாம்பிராணி போட, கரண்டி நிறையக் கனலும் தணலோடு முற்றத்தைக் கடந்து வெந்நீர் அறைப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸைவிட்டு இறங்கி, நனைந்த பையோடு ஷஃபியுல்லா எதிரே வந்தார். "உஸ்" என்ற சத்தத்தைக் கேட்டார்.

"யக்கா! அங்கயே நில்லு! ஒரு அடி வெச்ச, நம்ம எல்லாருக்கும் சேத்து சாம்பிராணிதான்!"

அவள் நின்றாள். தணலை அப்படியே மழைச் சேற்றில் கொட்டினாள். அவர் உள்ளே பாய்ந்து என் கட்டை அறுத்தார், சன்னலைத் திறந்தார், வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிகீறீங்க? அது வேணாங்குது, நீங்க கையக் கட்டி இஸ்துகினு போறீங்களே!"

"குழந்தைக்கு வெந்நீர்…" என்றேன்.

"எதிர்க்க முத்துசாமி டீக்கடைல காலைலேர்ந்து பாய்லரு கொதிச்சிகினு கீது! ரோட்டத் தாண்டினா வெந்நி. அதுக்கா இம்மாம் பேஜாரு?"

அந்தப் பக்கம் முத்துசாமி நெஞ்சை நிமிர்த்துகிறார், பாருங்கள். நிமிர்த்தட்டும். அதன்பின் அன்றைக்கு வேண்டிய வெந்நீர் முழுவதும் அவர் கொடுத்தது.

பிறகு ஷஃபியுல்லா சுடரின் வாயைக் கழற்றித் தட்டினார். கருகிய இதழ் விழுந்தது. முனியம்மா உடனே சொன்னாள்: "நாந்தாம்மா வெச்சேன். பூட்டின வூட்டுல நெருப்பு இருக்கக் கூடாதுன்னு வெச்சேன்." யாரும் கேட்கும் முன்பே சொன்னாள். ஒளிக்கத் தெரியாதவள். ஒளிக்கத் தெரிந்த நான் அன்றிரவே உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். இதழை எழுதினேன். கட்டை எழுதவில்லை. எழுதினால் கொதிகலனைக் கழற்றி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். செயலாளர் செய்கிற காரியமா என்று கேட்பார்களோ என்று வெட்கம். ஷஃபியுல்லாவும் யாரிடமும் சொல்லவில்லை. "நீங்களே சொல்லுவீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

பெரியோர்களே! இதழால் என்ன நடந்தது? வால்வு மூடிக்கொண்டது. நீர் ஆறியது. அவ்வளவுதான்! அறியாதவள் தவறு செய்தால் தாங்கிக்கொள்ளும்படி அதைச் செய்தவன் செய்திருக்கிறான். அறிந்தவள் அகந்தையில் கட்டிப் போட்டால் தாங்க அதனால் ஆகவில்லை. பேராபத்துக்குக் காரணம் யார்? பூ வைத்த கையா, கட்டுப் போட்ட கையா? நெருப்புக்கு மரியாதை செய்தவளா, நெருப்பைக் காத்த காவலனைக் கட்டியவளா? "யார் பார்த்துக்குவாங்க" என்று கேட்டவளா, "தொடாதே" என்று வாயை அடைத்தவளா?

"நடந்தது நடந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் சொல்கிறார். ஆகவில்லை ஐயா! அதுதான் என் பேறு. அதோ, மூன்றாம் தூணருகே சம்சாத் பேகம். அவர் தோளில் ஷாஜாதி, இன்றைக்குப் பதினோரு ராத்தல். என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும் அளவுக்குப் பலம். அவள் பிடிக்கும்போதெல்லாம் அந்த மழை நாளை நினைத்து, தலைப்பை விடுவித்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். இன்று நகரமாட்டேன். சொல்லிவிட்டேன், இலேசாகிவிட்டேன்.

ஆகவே, தலைவர் அவர்களே, என் அறிக்கையை நான் திரும்பப் பெறுகிறேன். அதன் மேல் நிற்கும் நான்காம் தீர்மானத்தையும் திரும்பப் பெற வேண்டுகிறேன். யாரையாவது நீக்கியே ஆகவேண்டுமென்றால் செயலாளர் நாற்காலி இதோ இருக்கிறது, எழுந்துவிடத் தயார். சென்ற மாதம் நானும் ஷஃபியுல்லாவும் முனியம்மாவை வால்வின் முன் உட்காரவைத்து, செம்பையும் கம்பியையும் சுடரையும் ஒன்றுவிடாமல் சொன்னோம். அரை மணியில் பிடித்துக்கொண்டாள். கமிட்டிக்கு ஒரு மணி ஆயிற்று என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

தலைவர் எழுதுகிறார்… எழுதுகிறார்… தாளை எனக்குக் காட்டுகிறார். "நான்காம் தீர்மானம் கைவிடப்பட்டது. செயலாளர் நாற்காலியிலேயே உட்காரலாம்." ஐயா! பந்தலிலே எழும் இந்தக் கரவொலி எனக்கு வேண்டாம். பின்னாலே கதவோரம் நிற்கிறவளுக்குக் கொடுங்கள். முனியம்மா, மேடைக்கு வா!

என்ன? என்ன சொல்கிறாள்? கொஞ்சம் அமைதியாக இருங்கள்.

"யம்மா, கூப்டாதீங்கோ! தண்ணி காஞ்சி, வால்வு மூடிகிச்சி. மூணாம் கட்டிலு பச்சப்புள்ளயக் குளிப்பாட்டணும். ஆறிடும், நான் போறேன்!"

போ, முனியம்மா. போய் வா.

வந்த கால்களுக்கு வந்தனம். கேட்ட காதுகளுக்கு நன்றி. பொறுத்த நெஞ்சங்களுக்கு என்றென்றும் கடப்பாடு. வணக்கம்.