மூன்றாம் நாள் ஸலாம்

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி, என் நாவுக்கு அவனிடமே வலிமை கேட்டுத் தொடங்குகிறேன்.

கையில் கடிகாரமும் மேசையில் மணியுமாக இந்த விழாவுக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! எங்களுக்கு எழுத்தையும் ஒழுக்கத்தையும் ஒருசேர ஊட்டும் ஆசிரியப் பெருமக்களே! முன்வரிசைக்கு முகவரி தந்திருக்கும் பெரியோர்களே! நடுவில் தொங்கும் திரைக்கு அந்தப் பக்கம், தோளில் குழந்தையைத் தட்டியபடியே காதை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பிவைத்திருக்கும் அன்புத் தாய்மார்களே! சுவரில் சாய்ந்துகொண்டு, ‘இந்தப் பொண்ணு எப்ப முடிக்கும்’ என்று கணக்குப் போடும் அண்ணன்மார்களே! என்னோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே கணக்கைத் தப்பாகப் போடும் தோழிகளே! உங்கள் அனைவர் மீதும் ஏக இறைவனின் சாந்தியும் சமாதானமும் நிலவட்டும். அஸ்ஸலாமு அலைக்கும்!

திரையின் இரு பக்கமிருந்தும் பதில் வந்தது. அல்ஹம்துலில்லாஹ். ஒரு ஸலாமுக்கு இத்தனை வாய்கள் சத்தமாகப் பதில் சொல்லிக் கேட்டு எனக்கு நெடுநாளாகிறது. அதனால்தான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். மன்னியுங்கள்.

எனக்குத் தந்த தலைப்பு, ‘மாணவர் முயற்சியும் குடும்பத்தின் பங்கும்’. முயற்சியைப் பற்றி என்ன சொல்ல? நமது வேதத்தின் முதல் கட்டளையே ‘ஓதுவீராக’ என்பதுதான். படிக்காத பிள்ளைக்கு நம் மார்க்கத்தில் சாக்குச் சொல்ல இடமே இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சபையோரே, ஒன்று கேட்கிறேன். படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் என்ன வேண்டும்? மேசை வேண்டுமா? விளக்கு வேண்டுமா? அமைதி வேண்டுமா?

பின்வரிசையில் ஓர் அண்ணன் “அமைதி!” என்கிறார். அண்ணனே, அந்த அமைதி எங்கள் வீட்டில் ஏராளமாக இருக்கிறது. வேண்டுமானால் ஒரு மூட்டை அள்ளிக்கொண்டு போங்கள்!

சிரிக்கிறீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு மாமியும் இப்படித்தான் சிரித்தபடி சொல்வார். “உங்க வீட்ல ஒரு சத்தம் கேக்குதா? எங்க வீட்ல பாரு, சந்தக்கடை! குடுத்து வச்சவ நீ.” நானும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்வேன். அந்த மாமி வீட்டுச் சண்டைச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும். அதில் ஒருவர் பேசுவார், இன்னொருவர் பதில் பேசுவார். பதில்! அதைக் கேட்டுக்கொண்டே நான் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பேன். பக்கம் திருப்ப மறந்துவிடும்.

எங்கள் வீட்டில் என் வாப்பாவும் உம்மாவும் பேசிக்கொள்வதில்லை.

இதைச் சொல்லக் கூடாதுதான். ‘வீட்டு விஷயத்தை மேடையில் போடுவதா’ என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முகத்தைச் சுளிக்கிறார். ஐயா, உங்களைவிட எனக்குத்தான் பயம் அதிகம். ஆனாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏன் மேடை ஏறினேன் என்று சொல்லிவிட்டே இறங்குகிறேன்.

என் அண்ணன் கல்லூரியில் இரண்டாம் முறை தோற்றான். “உன் செல்லத்துலதான் கெட்டான்” என்றார் வாப்பா. “உங்க கோபத்துலதான் தோத்தான்” என்றார் உம்மா. அண்ணன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்த இரண்டு வாக்கியங்கள் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டன. அவைதான் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட கடைசி வாக்கியங்கள். அன்று முதல் வீட்டுக்கு ஒரு தூதர் தேவைப்பட்டார். சம்பளம் இல்லாத அந்தப் பதவியில் அடியேன் அமர்த்தப்பட்டேன்.

கேளுங்கள் அந்த உத்தியோகத்தின் பெருமையை! மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். வாப்பா சொல்கிறார்: “உங்க உம்மாட்ட கேளு, மோட்டார் போட்டாச்சான்னு.”

உம்மா அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். “போட்டாச்சுன்னு சொல்லு.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“என்னம்மா, கேட்டுச் சொல்லலையா?”

“காதுல விழுந்திருக்குமே வாப்பா.”

“விழுந்தா என்ன? நீ சொல்லு.”

“போட்டாச்சாம் வாப்பா.”

“அப்ப நிறுத்தச் சொல்லு, தொட்டி வழியப் போகுது.”

தொட்டி வழிந்தது சபையோரே! செய்தி போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இடித்தாலாவது சத்தம் கேட்குமே!

என் உம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறார். அங்கே படுக்கை விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிப்பார்களாம். வீட்டில் மறுமுனையைப் பிடிப்பது நான். நான் பள்ளிக்குப் போயிருக்கும் நாட்களில் உம்மா விரிப்பின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுத் தனியே மடிப்பார். ஒருநாள் சீக்கிரம் வந்தபோது பார்த்தேன். முனை நழுவி நழுவி விழுகிறது. உம்மா எடுத்து எடுத்துச் செருகுகிறார். இரண்டடி தள்ளி நாற்காலியில் வாப்பா உட்கார்ந்திருக்கிறார். அவர் கை ஒருமுறை எழுந்தது. என் கண்ணால் கண்டேன். எழுந்த கை, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கிவிட்டது.

மார்க்கம் தெரியாதவர்களா இவர்கள்? இல்லை. ஐந்து வேளைத் தொழுகையை விடாதவர்கள். மூன்று நாளுக்கு மேல் ஒரு முஸ்லிம் இன்னொருவரை வெறுத்துப் பேசாமல் ஒதுங்கக் கூடாது என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்கள்தான். அது தெரிந்ததால்தான் வந்தது வினை. மூன்றாம் நாள் மாலை வாப்பா வேலைவிட்டு வருவார். செருப்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டே ஒரு ஸலாம் சொல்வார். அடுப்பைப் பார்த்துக்கொண்டே உம்மா பதில் சொல்வார். ஸலாமுக்குப் பதில் கடமையல்லவா! சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். அவ்வளவுதான், கணக்குத் தீர்ந்தது! மறுநாள் புதுக்கணக்கு. அடுத்த மூன்றாம் நாள் மறுபடி ஒரு ஸலாம்.

அல்லாஹ்வின் தூதர் உடைந்த உறவை ஒட்டுவதற்காகத் தந்த மருந்து அது. எங்கள் வீட்டில் அதைக் காயம் ஆறாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் தடவுகிறார்கள். அந்த மூன்றாம் நாளுக்காக நான் காத்திருப்பேன். பாடம் படிப்பதுபோல் உட்கார்ந்து, உம்மாவின் உதட்டையே பார்ப்பேன். இன்றாவது சத்தம் வருமா? இன்றாவது வாப்பா அலமாரியை விட்டு முகத்தைத் திருப்புவாரா?

தொழுகை முடிந்ததும் அறையின் இரண்டு மூலைகளில் இரண்டு பேரும் கையேந்துவார்கள். இவருக்காக அவரும், அவருக்காக இவரும் ஒரு வார்த்தையாவது கேட்கிறார்களா என்று இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்ப்பேன். அங்கே மட்டும் எனக்குத் தூது வேலை கிடையாது. அதனால் என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

தலைவர் அவர்களே, உங்கள் கை மணிக்குப் போவது தெரிகிறது. இன்னும் சற்று நேரம் தாருங்கள்.

என் வாப்பா கெட்டவர் அல்லர். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு விடுமுறை நாளில் அவருடன் போயிருந்தேன். அடுக்குமாடிக் கட்டடம். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோய், உள்ளே ஓர் அம்மா மாட்டிக்கொண்டார். உள்ளே விளக்கும் இல்லை. வாப்பா கதவிடுக்கில் வாயை வைத்து, “அம்மா, நான் வெளியதான் நிக்கிறேன். எங்கயும் போகல. உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?” என்றார். அந்த அம்மா அழுதுகொண்டே பதில் சொன்னார். “மூத்தவன் என்ன படிக்கிறான்? நல்லாப் படிக்கிறானா, இல்ல நம்ம வீட்டு ராசாத்தி மாதிரியா?” என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கை வேலை செய்துகொண்டேயிருந்தது, வாய் பேசிக்கொண்டேயிருந்தது. கதவு திறக்கும்வரை நிறுத்தவில்லை.

“ஏன் வாப்பா பேசிக்கிட்டே இருந்தீங்க?” என்று வழியில் கேட்டேன்.

“காத்து உள்ள போகும்மா, அதுக்குப் பயமில்ல. யாரும் பேசலைன்னாதான் மூச்சு முட்டும்.”

வாப்பா! முகம் தெரியாத ஓர் அம்மாவுக்கு மூச்சு முட்டக் கூடாது என்று தொண்டை வறளப் பேசினீர்களே! நம் வீட்டுக்குள் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறோமே, எங்கள் கதவிடுக்கில் எப்போது வாயை வைப்பீர்கள்?

என் மதிப்பெண் சரிந்தது உண்மை. கைபேசியால் என்றார் ஒருவர். சோம்பல் என்றார் ஒருவர். போன வாரம் வாப்பா என்னைக் கூப்பிட்டார். “உங்க உம்மாட்ட சொல்லு, அடுத்த மாசம் உன்ன வேற ஊரு ஹாஸ்டல்ல சேத்துரலாம்னு. இங்க உனக்குப் படிப்பு ஏறல.” நான் சமையலறைக்குப் போய்ச் சொன்னேன். உம்மா அடுப்பின் தீயைக் குறைத்தார். பிறகு, “எனக்கும் சம்மதம்னு சொல்லிரு” என்றார்.

திரும்பி வந்தேன். “சம்மதமாம் வாப்பா.”

அண்ணன் போனபிறகு என் பெற்றோர் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம், என்னை அனுப்புவது! அந்தச் செய்தியையும் நானே சுமந்து சென்று, நானே பதில் வாங்கி வந்தேன். எந்த அரசவையிலாவது தன்னை நாடுகடத்தும் உத்தரவைத் தானே எடுத்துச் சென்ற தூதர் உண்டா? சொல்லுங்கள்!

விடுதிக்குப் போக நான் அஞ்சவில்லை. அறிவைத் தேடி ஊர் ஊராக நடந்தவர்களின் வழிவந்த சமுதாயம் இது. அஞ்சுவது வேறொன்றுக்கு. நான் போனபிறகு, மோட்டார் போட்டாச்சா என்று யாரிடம் கேட்பார்கள்? உம்மாவுக்குக் காய்ச்சல் என்று வாப்பாவுக்கு யார் சொல்வார்கள்? அரைகுறையாக ஓடும் பேச்சும் நின்றுபோன வீட்டுக்கு, நான் எந்த விடுமுறையில், எதை நம்பித் திரும்பி வருவேன்?

‘இதை வீட்டில் சொல்லியிருக்கலாமே’ என்பீர்கள். சொன்னேன். வாப்பாவிடம் சொன்னால், “இத உங்க உம்மா சொல்லச் சொன்னாளா?” என்கிறார். உம்மாவிடம் சொன்னால், “உங்க வாப்பா அனுப்பினாரா?” என்கிறார். நான் என்ன பேசினாலும் அது இன்னொருவர் பேச்சாகவே போய்ச் சேர்கிறது. என் குரல் என் குரலாக இருவருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும் இடம் இந்த மேடை ஒன்றுதான். வாப்பா திரைக்கு இந்தப் பக்கம். உம்மா அந்தப் பக்கம். நான் நடுவில். யாரும் அனுப்பாமல் நானே வந்திருக்கிறேன்.

மாணவச் செல்வங்களே! உங்களிலும் என்னைப் போன்ற தூதர்கள் இருக்கலாம். வெளியே தெரியாது. வீட்டுப்பாடம் முடித்திருப்போம், சீருடை சுத்தமாக இருக்கும். படிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். யாரும் பேசாத வீட்டிலும் புத்தகத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஒரு மனிதக் குரலாவது சுவரில் பட்டுத் திரும்பட்டும். நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

பெற்றோரே! உங்கள் பிள்ளை படிக்க வேண்டுமா? பக்கத்து அறையில் பேசிக்கொள்ளுங்கள். விலைவாசியைப் பேசுங்கள், வெயிலைப் பேசுங்கள், சண்டையாவது போடுங்கள். பேச்சுச் சத்தம் கேட்கும் வீட்டில் பிள்ளை பயமில்லாமல் பக்கம் திருப்பும்!

இனி என் அறிவிப்பு. வாப்பா, உம்மா, இருவரும் என்னை மன்னியுங்கள். இந்த நிமிடத்தோடு நான் தூது வேலையை விட்டு விலகுகிறேன். கூட்டம் முடிந்ததும் ஆண்கள் வாசலில் வாப்பா நிற்பார், பெண்கள் வாசலில் உம்மா நிற்பார். எப்போதும் ஒருவரோடு நான் நடப்பேன், மற்றவர் பின்னால் வருவார். இன்று நான் எந்த வாசலுக்கும் வரமாட்டேன். இரண்டுக்கும் நடுவே, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் குழாயடியில் நிற்பேன். ஒருவர் மட்டும் வந்து கூப்பிட்டால் நகரமாட்டேன். இரண்டு பேரும் வர வேண்டும். முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து, மற்றவர் காதில் விழும்படி ஸலாம் சொல்ல வேண்டும். யார் முதலில் சொல்கிறாரோ அவரே இருவரில் சிறந்தவர். இது என் தீர்ப்பு இல்லை. நம் நபியின் வாக்கு.

அதன்பிறகும் விடுதிக்குத்தான் போக வேண்டும் என்றால், போகிறேன். பெட்டியை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து அடுக்கித் தாருங்கள்.

மணியடிக்காமல் கையை எடுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், முகம் சுளித்தாலும் எழுந்து போகாமல் கேட்ட பெரியவருக்கும், திரைக்கு அப்பால் மூக்கை உறிஞ்சும் தாய்மார்களுக்கும், சிரிப்பை நிறுத்திக்கொண்ட அண்ணன்மார்களுக்கும் என் நன்றி. என் பிழைகளை அல்லாஹ் பொறுப்பானாக. எனக்காகத் துஆச் செய்யுங்கள். இறங்கிப் போகிறேன். குழாயடியில் வெளிச்சம் கொஞ்சம் குறைவு. ஆனால் இரண்டு வாசலிலிருந்து பார்த்தாலும் நான் தெரிவேன். அஸ்ஸலாமு அலைக்கும்.