இடையிடையே ஒரு சொடக்கு

எந்தக் கணினியில் பதிவு செய்தீர்கள், அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று உங்கள் படிவத்தின் நான்காவது கேள்வியில் கேட்டிருக்கிறீர்கள். பதில் எழுத இரண்டு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். இதே கேள்விக்கு எங்கள் வீட்டில் நான் பதினொரு பக்கம் எழுதியவன். இரண்டு வரியில் அடங்காது. அதனால் தனித்தாளில் எழுதுகிறேன்.

உங்கள் ஆய்வகம் என் அக்காவுக்குக் கணினி வழியாகப் பேசும் குரல் ஒன்றைச் செய்து கொடுத்தது. அந்தக் குரலில் இடையிடையே ஒரு சொடக்கு விழுகிறது. அதன் காரணத்தைத் தேடித்தான் இந்தப் படிவத்தை அனுப்பியிருக்கிறீர்கள். நான் அவளுடைய தம்பி. வீட்டில் கணினி தெரிந்தவன் நான்தான். நான்கு வருடப் படிப்பில் மூன்று வருடம் படித்தேன். நான்காவது வருடம் நானும் போகவில்லை, அவர்களும் தேடவில்லை. இப்போது ஒரு பெரிய நிறுவனத்தின் சர்வர் அறையில் இரவு வேலை. வரிசையாகப் பச்சை விளக்குகள் எரியும். ஒன்று சிவப்பானால், விஷயம் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் எழுப்ப வேண்டும். ஆறு வருடத்தில் நான்கு தடவை எழுப்பியிருக்கிறேன். அதில் ஒரு தடவை விளக்குதான் பழுது. பகலெல்லாம் அக்கா வீட்டு மாடி அறையில் தூங்குவேன். அக்கா என்னை ஆந்தை என்றுதான் கூப்பிடுவாள்.

அத்தான் விளம்பரங்களுக்கு இசை அமைக்கிறவர். பற்பசை, பெயிண்ட், குழந்தைகளுக்கான சோப்பு. வீட்டின் பின் அறையில் சுவரெல்லாம் பழைய மெத்தையை அடித்து, அதைத்தான் ஸ்டுடியோ என்பார். அக்கா பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்து, சோப்புக்குப் பின்னால் "லாலா" பாடிக் கொடுப்பாள். ஒருநாள் பற்பசைப் பாட்டின் நடுவில் பழைய கணினி உயிரை விட்டது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும். எதை?

அத்தான் எந்தப் பொருள் வாங்கினாலும் கேட்பது ஒரே கேள்விதான். "உழைக்குமா?" செருப்புக்கும் அதே கேள்வி, குக்கருக்கும் அதே கேள்வி. என்னைப் பற்றி மட்டும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பதில் தெரிந்திருந்ததால் இருக்கலாம்.

என் கட்சி கறுப்புப் பெட்டி. பாகம் பாகமாக வாங்கி நானே கோர்ப்பது. ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். இசை மென்பொருளுக்கு ஒத்துவராத அப்டேட்டை உள்ளே விடாமல் தடுக்கலாம். மின்விசிறிச் சத்தம் மைக்கில் ஏறாமல் பெட்டியை அடுத்த அறையில் வைக்கலாம். பதினொரு பக்கத்திலும் இவை இருந்தன, இரண்டு வரைபடங்களோடு. அத்தான் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மீதியைக் கோப்பையின் அடியில் வைத்தார்.

எதிர்க்கட்சி கீபோர்டுக்காரர். அத்தானோடு இருபது வருடமாக வாசிக்கிறவர். அவர் கையில் எப்போதும் ஒரு வெள்ளி நிற மடிக்கணினி இருக்கும். திறந்து பார்க்க ஒரு திருகாணிகூட வெளியே தெரியாது. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மூடியைத் திறந்து, உடனே வாசித்துக் காட்டினார்.

"அவ்ளோதான் அண்ணே. திறந்தா பாட்டு. மெஷினுக்கு வைத்தியம் பாத்துக்கிட்டே இருந்தா எப்ப வாசிக்கிறது?"

"ஆறு மாசம் கழிச்சு உள்ள ஏதாவது போனா என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"தம்பி, நீ படிப்பையே பாதியில ஹேங் பண்ணின ஆளு. உன் பெட்டிய நம்பி நாங்க உக்காரணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். நானும் சிரித்தேன். அக்காவுக்கு அப்போதே தொண்டை கொஞ்சம் கரகரத்திருந்தது. பிள்ளைகளிடம் கத்திக் கத்தி வந்தது என்று நினைத்திருந்தோம். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அந்தக் கரகரத்த சிரிப்பு இன்னும் இரண்டு நொடி ஓடியது. அந்த இரண்டு நொடியை நான் மனதில் குறித்துக்கொண்டேன். பின்னால் நான் செய்ததற்கு வேறு காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

வெள்ளி மெஷின் வந்தது. "நீயே எல்லாத்தையும் ஏத்திக் குடுத்துடு மச்சான்" என்றார் அத்தான். ஏற்றிக் கொடுத்தேன். கடவுச்சொல்லும் நான்தான் வைத்தேன்.

அது நன்றாக உழைத்தது. பிரச்சினை அங்கேதான். எட்டு மாதம் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. நான் காத்திருந்து பார்த்தேன். உலகத்தில் ஒரு கணினி கெட்டுப்போவதற்காக இவ்வளவு ஆசையாகக் காத்திருந்தவன் நானாகத்தான் இருப்பேன். கடைசியில் பொறுமை போய், ஒரு சின்ன நிரல் எழுதினேன். நாற்பது வரி. என் வாழ்க்கையில் ஆரம்பித்து முடித்த காரியம் அது ஒன்றுதான். ஒலிப்பதிவு ஓடும்போது மட்டும் அது விழித்துக்கொள்ளும். கண்ணிமைக்கும் நேரத்துக்கு மெஷினின் கையைப் பிடித்து நிறுத்தும், விட்டுவிடும். பதிவில் அந்த இடத்தில் விரலைச் சொடுக்கியதுபோல ஒரு சத்தம் விழும். சீரான இடைவெளியில் விழுந்தால் எவனும் கண்டுபிடித்துவிடுவான் என்று இடைவெளியைத் தாறுமாறாக வைத்தேன். கடிகாரத்தைச் சரிபார்க்கும் நிரல்போலப் பெயர் வைத்தேன். உங்கள் குறிப்பில், "சொடக்குகளின் இடைவெளியில் எந்த முறையையும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். நன்றி. என் வேலையைப் பற்றி இதுவரை யாரும் அவ்வளவு நல்லதாக எழுதியதில்லை.

அத்தான் மைக்கை மாற்றினார், கேபிளை மாற்றினார். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் பதிவு செய்தார். பால் திரிந்தது, சொடக்கு நிற்கவில்லை. கீபோர்டுக்காரர் வருவதைக் குறைத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் அத்தான் மாடிக்கு ஏறி வந்து, தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பினார்.

"நீ சொன்னதக் கேட்டிருக்கணும் மச்சான். அந்தப் பதினொரு பக்கம் இன்னும் இருக்கா?"

இருந்தது. பிரதியே மூன்று இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இது வீட்டுக்குள் நடந்த சின்ன விஷமமாகப் போயிருக்கும். பெட்டியைக் கோர்த்துவிட்டு நிரலை அழித்துவிடுவதாகத்தான் திட்டம்.

அதே வாரம் அக்காவின் பரிசோதனை முடிவு வந்தது. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். ஒன்பது நாள் கழித்து அறுவை சிகிச்சை. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்மணி உங்களைப் பற்றிச் சொன்னார். முந்நூறு வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்து அனுப்பினால், அதே குரலில் கணினி பேசும்படி செய்து தருவார்கள் என்றார். தொண்டையை அலட்டக் கூடாது, ஒரு வாக்கியம் ஒரு தடவை, நிதானமாகப் படித்தால் மூன்று நாளில் முடியும் என்றும் சொன்னார்.

நிரலை நிறுத்தப் பத்து நொடி போதும். ஏன் நிறுத்தவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாகங்களுக்கு அத்தான் அன்று காலைதான் ஆர்டர் கொடுத்திருந்தார். வெள்ளி மெஷின் திடீரென்று ஒழுங்காக வேலை செய்தால் ஆர்டரை ரத்து செய்துவிடுவார். நாலு நாளில் கறுப்புப் பெட்டி வந்துவிடும், எல்லாவற்றையும் அதில் சுத்தமாகப் பதிவு செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இரவு வேலை பார்க்கிறவனுக்கு யோசிக்க நேரம் அதிகம். யோசனைதான் அந்த அளவுக்கு வராது.

"எதுக்கும் இதுலயே ஆரம்பிச்சு வைப்போம்" என்றார் அத்தான். மருத்துவமனை வேலைகளுக்கு அவர் அலைய வேண்டியிருந்ததால் பதிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனோடு நான் உட்கார்ந்தேன். மெத்தைச் சுவருக்கு முன்னால் அக்கா நின்றாள். நீங்கள் அனுப்பிய வாக்கியங்கள் விசித்திரமானவை. நீல நிறப் பேருந்து ஒன்பது மணிக்குப் புறப்படும். அக்கா படிப்பாள். சொடக்கு விழும். நான் கையைத் தூக்குவேன்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. இன்னொரு தடவைக்கா."

"இந்த பஸ்ஸ அஞ்சு தடவை கிளப்பிட்டேன்டா. நகர மாட்டேங்குதே."

சின்ன வயதில் என் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து அவள்தான் சொடக்கு எடுத்துவிடுவாள். வராத விரலை விடமாட்டாள். அன்று தண்ணீர் குடிக்கும் இடைவெளியில் என் கையைப் பிடித்து விரல்களை இழுத்தாள். ஒன்றிலும் வரவில்லை. "மெஷின்ல வருது, உன் கையில வர மாட்டேங்குது பாரு" என்றாள். கை அவளிடம் இருந்ததால் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறையில் எப்போதும் யாராவது இருந்தார்கள், அதனால் நிறுத்த முடியவில்லை என்று முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தினமும் மதியம் அவள் படுத்து எழும்வரை முக்கால் மணி நேரம் நான் மெஷினோடு தனியாகத்தான் இருந்தேன். இரண்டாம் நாள் நிரலைத் திறக்கவும் செய்தேன். சொடக்கு விழும் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தேன். அப்போது அது எனக்குப் பெரிய தியாகமாகத் தெரிந்தது.

நாலு நாளில் பெட்டி வரவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு மின்விசிறி, அது மட்டும் வரத் தாமதமானது. வேறு விசிறி போடலாம்தான். ஆனால் என் பதினொரு பக்கத்தில் அந்த விசிறியைத்தான் குறிப்பிட்டிருந்தேன். ஐந்தாம் நாள் அக்காவின் குரல் பாதியாகிவிட்டது. ஆறாம் நாள் ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு தடவை நிறுத்தினாள். சொடக்கு லேசாக விழுந்த பதிவுகளை "பரவாயில்லை, போதும்" என்று சேர்த்துக்கொண்டோம். இருநூற்று அறுபது வாக்கியம் அப்படித் தேறியது. ஏழாம் நாள் விசிறி வந்தது. இரண்டு மணி நேரத்தில் பெட்டியைக் கோர்த்தேன். கடைசி நாற்பது வாக்கியங்களை அதில் பதிவு செய்தோம். அதற்குள் அவளிடம் மிஞ்சியிருந்தது வெறும் காற்றுதான். நாற்பதும் கிசுகிசுப்பு. "கடைசி நாற்பது பதிவுகள் தொழில்நுட்ப ரீதியில் மிகத் தரமானவை, ஆனால் குரல் இல்லாததால் பயன்படுத்த இயலாது" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியின் முதல் பாதியை நான் பல தடவை படித்தேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உங்கள் குரலும் வந்தது. அக்கா கைக்கணினியில் தட்டுவாள், அவள் குரலில் அது பேசும். சொடக்கையும் குரலின் ஒரு பகுதி என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் எங்கேயாவது அடிக்கிறது. வகுப்பில் பிள்ளைகள் அந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்பதால் இப்போது அவள் பள்ளிக்கூடம் போவதில்லை. முந்நூறு வாக்கியங்களில் சிரிப்பு கிடையாது. அதனால் அவள் சிரித்தால் தோள் மட்டும் குலுங்குகிறது. ஒரு நொடிகூட அதிகமாக ஓடுவதில்லை.

போன வாரம் மாடிக்கு ஏறி வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தட்டினாள்.

"நீ அன்னைக்கே சொன்னே. நாங்கதான் கேக்கல. நான் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாதுடா, ஆந்தை."

ஆந்தை என்ற சொல்லின் நடுவில் சரியாகச் சொடக்கு விழுந்தது. பரவாயில்லக்கா என்றேன். உண்மையாகவே சொன்னேன். எனக்கு இப்போது அவள்மேல் எந்த வருத்தமும் இல்லை.

காரணம் துல்லியமாகத் தெரிந்தால் சொடக்குகளை வெட்டியெடுத்துக் குரலை மறுபடி செய்து தர முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும். மெஷினை எப்போதெல்லாம் பிடித்தது என்பதை நிரல் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை குறித்துவைத்திருக்கிறது. அந்தக் கோப்பையும் நாற்பது வரியையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். படிவம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நாளை கடைசி நாள் என்பதால் இன்று எழுதுகிறேன். வெள்ளி மெஷினில் எந்தக் குறையும் கிடையாது. நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். அக்கா எதிரில் நின்று படித்துக்கொண்டிருந்தபோதும் செய்தேன்.

உங்கள் அறிக்கையின் ஒரு பிரதி அத்தானுக்கும் போகும் என்று படிவத்தின் கீழே போட்டிருக்கிறது. போகட்டும். காரணம் என்ற இடத்தில் என்னைத் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கறுப்புப் பெட்டியில் பதிவான அந்த நாற்பதில் ஒரு சொடக்குகூட இல்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முடிந்தால் முதல் பக்கத்தில். மற்ற பக்கங்களை அவர் படிப்பதில்லை.