ஜெயமதி ஏத்தின ஃபோல்டர்

"...இதுக்குப் பேரு சர்வீஸாங்க? நாலு நாளா ஒரே பேஜாரு!"

விழுப்புரத்தில் பஸ் கிளம்பும் முன்பே ஜெயமதி ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு ஜன்னலோரம். தப்ப வழியில்லை.

"நான் எங்க நயினாரு ஜனத்துக்கு, அதான் தமிழ் ஜைனருங்களுக்கு, வரன் பாத்துக் குடுக்கறவ. பதினாறு வருஷமா நோட்டுல எழுதிக்கினு நிம்மதியா இருந்தேன். இப்ப எல்லாருக்கும் வெப்சைட் வேணுமாம்! சரின்னு ஒண்ணு செய்யச் சொன்னேன். செஞ்சா போதாதாம், அத வைக்க நெட்டுல எடம் புடிக்கணுமாம். ஹோஸ்டிங்காம்! ஒரு கம்பெனிக்காரன் 'அளவில்லாத எடம் தரேன்'றான். ஏன்டாப்பா, எங்க ஜனத்துல கல்யாணத்துக்கு நிக்கறதே நானூறு பேரு... இன்னொருத்தன் 'எங்க சர்வர் படுக்கவே படுக்காது'ன்றான். எங்க வீட்டுக்காரரு கூடத்தான் அப்பிடிச் சொல்லுவாரு, மத்தியானம் பாக்கணும் நீங்க! மூணாவது கம்பெனில வெண்ணிலான்னு ஒரு பொண்ணு, போன எடுத்ததும் 'அக்கா'ன்னா. அவ்ளோதான், விழுந்துட்டேன். வேற எதுவும் பாக்கல.

அவ சொன்னாப்பல சைட்ட நானே நெட்டுல ஏத்தினேன். ஏத்திட்டுத் தொறந்தா முகப்பே வரல! வெறும் ஃபைல் பேருங்க வரிசையா நிக்குது. அதுல ஒண்ணு, எனக்கு மட்டும்னு கம்ப்யூட்டர்ல எழுதி வச்ச குறிப்பு. 'பொண்ணு தங்கம், அம்மா வாய் தகர டப்பா. வானூர் பையன், சொல்ற சம்பளத்துல பாதிய நம்பலாம்.' இப்பிடி... ஜனம் பூரா படிச்சிடுச்சிங்க! ஜாதகம் போட்டோலாம் யாரும் தொடல, இத மட்டும் வரி விடாம படிச்சிருக்காங்க. ஒம்போது சம்பந்தம் போச்சு!"

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்தது. ஜெயமதியின் குரலும் இறங்கியது. யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாதவளிடம் சொல்லிவிடலாம் போலிருந்தது.

"வெண்ணிலாவ போன்ல கிழிச்சேன். அவ பொறுமையா, 'அக்கா, சைட்டுன்னு இருக்கற ஃபோல்டரத் தொறந்து, அதுக்குள்ள இருக்கறத மட்டும்தான ஏத்தச் சொன்னேன்? நீங்க வெளிய இருக்கற பெரிய ஃபோல்டர மொத்தமா ஏத்திருக்கீங்களே'ன்றா. ஆமாங்க. நான்தான். ஒண்ணொண்ணா யாரு பாக்கறதுன்னு ஜல்தியா எல்லாத்தையும் அள்ளிப் போட்டேன்.

அந்தக் குறிப்புல என் புள்ள அமித்தும் இருந்தான். 'நல்லவன், பயங்கர சோம்பேறி, வர்றவ பாவம்'னு எழுதியிருந்தேன். திண்டிவனத்துலேந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. செத்தேன்னு நெனச்சேன். 'பெத்த புள்ளயப் பத்தியே இவ்ளோ உண்மை எழுதறவங்க வீட்டுக்கு தைரியமா பொண்ணு குடுக்கலாம்'ன்றாங்க! அங்கதான் போய்க்கினு இருக்கேன்.

இப்ப ஜனம் என்னா பேசுது தெரியுமா? ஊரு சம்பந்தத்தயெல்லாம் கலைச்சி, எம்புள்ளைக்கு முடிச்சிக்க நான் வேணும்னே ஏத்தினேனாம்! எனக்கு ஏத்தவே தெரிலங்கன்னா... ஒருத்தரும் நம்ப மாட்டேன்றாங்க."