முப்பதாம் நாள் மீ கோரேங்

— அந்தப் பொட்டலத்தப் படையல்ல வைக்காத, தினேஸ்வரி. என்ன அது?

— மீ கோரேங்க்கா. முப்பதாம் நாளாச்சே, அண்ணனுக்குப் புடிச்சத வைக்கணும்ல.

— எண்ணெயில பெரட்டுன நூடுல்ஸ்னா புடிச்சதுதான். சீனி வியாதின்னு தெரிஞ்சதுலருந்து விட்டுட்டாரே மனுசன். ஓட்ஸ் கஞ்சிய வை.

— அலாமா, செத்தும் கஞ்சியா? பாவம்லா. இப்ராஹிம் பாய் அவரே கரண்டி புடிச்சுப் போட்டாருக்கா. ‘அர்ச்சுனன் அண்ணனுக்கா?’ன்னு கேட்டு, மொளகா தூக்கலா, தவ்கே பயறு முளை இல்லாம.

— எந்த பாய்?

— நம்ம தாமான் வீடுங்க முடியிற முக்குல, அந்தப் புதுக்கடை...

— அந்தக் கடை தொறந்ததே போன தீவாளிக்கு. இவரு வாயக் கட்டுனது அதுக்கு முந்தி. அவருக்குத் தவ்கே ஆவாதுன்னு அந்த பாய்க்கு எப்படித் தெரியும்?

— பொட்டலம் ஆறுதுக்கா, மொதல்ல எலையில வச்சிரட்டுமா?

— கேக்குறேன்ல. படத்துக்கு முன்னாடி நிக்கிற, பொய் சொல்லாத.

— சாயங்காலம் பாடாங் திடல்ல நடப்போம்லக்கா. நீங்க வெளக்கேத்தணும்னு முன்னாடியே வீட்டுக்குப் போயிருவீங்க. நாங்க... சும்மா ஒரு தேத்தண்ணி குடிக்கன்னுதான் போக ஆரம்பிச்சோம்.

— யாரு யாரு?

— எல்லாரும்தான்க்கா.

— என்னையத் தவிர.

— ஒங்களத் தவிர.

— அப்ப ராத்திரியானா நம்ம வாட்ஸப் பத்தியக் குரூப்புல போடுவீங்களே தட்டுப் படம்? கீரையும் அவிச்ச மீனும்? இவரு தட்டுக்கு நீ கட்டைவெரலத் தூக்கிக் காட்டுவியே?

— படம் எடுத்தது நெசம்க்கா. அதுல பாதிதான் திம்போம், வயித்துல எடம் இருக்காது.

— சிரிக்காதடி. தைப்பூசத்துல ஒரே ஒரு லட்டு தின்னுட்டு அந்தக் குரூப்புலதானே சொல்லி அழுதேன்? ‘தவறினா சொல்லணும், யாரும் ஏசக் கூடாது’ன்னு நீதானே சட்டம் போட்ட? ‘பரவால்லக்கா, நாளைக்குப் பாத்துக்கலாம்’னு அத்தன பேரும் எழுதுனீங்க. பக்கத்துல ஒக்காந்து இவரும் என் கண்ணத் தொடச்சு விட்டாரு. வாயில மீ வாசத்தோட.

— அக்கா...

— எஸ்டேட்டுல பொறந்து மூணு வேளையும் சோறு தின்னு வளந்தவ நான். அவரு ஒத்தையில பத்தியம் இருக்கக் கூடாதுன்னு நானும் விட்டேன். நீங்கல்லாம் சீக்காளி கையப் புடிச்சு நிறுத்தாம, கூட்டிக்கிட்டுப் போயி ஊட்டியிருக்கீங்க. லாரி அடிக்கலன்னா அந்த மீயே அவரக் கொண்டு போயிருக்கும்!

— இல்லக்கா. அண்ணனுக்கு அதுனால ஒண்ணும் ஆயிருக்காது.

— எப்படி ஆவாது?

— அண்ணன் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு.

— வாங்குனவரு போயிட்டாரு. சொல்லு.

— சீனி அவருக்கு இல்லக்கா. கிளினிக்ல ரெண்டு பேரும் ரத்தம் குடுத்தீங்கல்ல? கூடியிருந்தது ஒங்களுக்கு. மாத்திர வரைக்கும் போவ வேணாம், சாப்பாட்ட மாத்துனா போதும்னாராம் டாக்டரு. ‘அவளுக்குன்னா காதுலயே வாங்க மாட்டா, எனக்குன்னா செய்வா’ன்னு அண்ணன் ஒவ்வொரு வீடா வந்து கெஞ்சுனாரு. குரூப்பு ஆரம்பிச்சதே ஒங்களுக்காகத்தான்லா.

— எல்லாருக்கும் தெரியுமா?

— தெரியும்க்கா.

— அவரு போன அன்னையிலருந்து மொற வச்சு ஆளுக்கொரு நாளு சோறாக்கிக் கொண்டாந்தீங்க. நீ விடிஞ்சா இனிப்பு டின்பாலு ஊத்துன தேத்தண்ணியோட வந்து, ‘மனச விடாதீங்க, குடிங்கக்கா’ன்னு என் வாய்கிட்டயே புடிச்ச... தெரிஞ்சுதான் புடிச்சியா, தினேசு?