வர்ல, வர வுடல

இரு நைனா, இரு. கடைசியா இன்னாவோ சொன்னியே, அத்த இன்னொரு தபா சொல்லு. ரெண்டாந்தேதிலேர்ந்து வேலைக்கு வர்லன்னியா, வர வுடலன்னியா? இன்னாது, ரெண்டும் ஒண்ணுதானா? ஒண்ணு இல்ல. டீயக் குடி மொதல்ல. டைப் மிசினு எங்கயும் ஓடிப்போவாது, நான் இன்னும் காயிதமே மாட்டல.

கம்பெனி கேட்டுல உன்ன நிறுத்தி எத்தினி நாளாவுது? ஒம்போது. தினம் போய் நின்னியா? மூணு நாள் நின்னுட்டு, ஏன்னு கேக்க நாதியில்லன்னு ஊட்ல குந்திகினியா. சரி, நான் தப்பு சொல்லல. ஒருத்தன் இருபத்தி மூணு நாள் நின்னான். அவனுக்கு இன்னா ஆச்சுன்னு கேட்டுக்கோ. அப்பால உன் லெட்டரு.

துலுக்கானம்னு பேரு. குத்தம்பாக்கத்து ஆளு. அவங்க அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் அடுத்தவன் கயனில கூலிக்கு எறங்குனவங்க. அந்த ஊட்ல பேன்ட்டு போட்டுகினு வேலைக்குப் போன மொத ஆளு இவன்தான். கல்யாணம் ஆனதும் பட்டாபிராம்ல ஒரு ரூம்பு புட்சி, அங்கேர்ந்து ரயில்ல வருவான். இதோ இந்த அம்பத்தூர் எஸ்டேட்லதான், ஒரு பிரஸ் ஷாப்பு. கம்பெனி பேரு வேணாம் வுடு. தகடு வெட்டுற மிசின்ல பதினோரு வருசம் நின்னான்.

அந்த மிசினுக்கு முன்னால ஒரு கம்பித் தடுப்பு இருக்கும், கை உள்ள போவக்கூடாதுன்னு. அத்த கழட்டிட்டா வேல சீக்கிரம் ஓடும். எண்பத்தி ஏழுல கழட்டிட்டாங்க. கழட்டி மூணு வாரம் ஆவல, பக்கத்து மிசின்ல பரந்தாமன்னு ஒருத்தனுக்கு ரெண்டு வெரலு போச்சு. ஒரு பக்கெட்டு தண்ணி ஊத்தி எடத்தக் கழுவிட்டு, சூப்பர்வைசரு துலுக்கானத்தக் கூப்டு நீ போய் நில்லுன்னாரு. இவன் சத்தம் கித்தம் ஒண்ணும் போடல. தடுப்ப மாட்டுங்க சார், நிக்கறேன்னான். அவ்ளோதான் பேசினான். அது சனிக்கெழம. திங்கக்கெழம காலீல வந்தா, வாச்மேனு கையக் குறுக்கால வச்சுட்டான். ஜூன் பதினஞ்சு. மேல சொல்லிகீறாங்க, எனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னான். காயிதம் இருந்தாக் காட்டுன்னா, காயிதமும் கெடையாது.

அப்பால தான் பாரு. அவன் பாட்டுக்கு தினம் வந்தான். ஏழு மணிக்கு டிபன் பாக்ஸோட வந்து கேட்டுக்கு எதுத்தாப்ல நிப்பான். சங்கு ஊதும், எல்லாம் உள்ள போவும், இவன் அப்டியே நிப்பான். மத்தியானம் சங்கு ஊதினா இவனும் அங்கயே குந்தி சோத்தத் தின்னுவான். சாயங்காலம் எல்லாரும் வெளிய வந்தப்பால அவங்களோட ரயிலுக்கு நடப்பான். வேலை செஞ்சவன் மாதிரியே. அவன் பொண்டாட்டி பார்வதத்துக்கு ரெண்டு வாரம் வரிக்கும் ஒண்ணும் தெரியாது. சட்டையத் தொவைக்கும்போது பாத்துகீது, ஒரு ஆயில் கறை கூட இல்லன்னு. அப்ப கேட்டுதாம், நீ எங்கய்யா போய்ட்டு வரேன்னு.

இருவத்தி நாலாவது நாளு எங்கிட்ட வந்தான். இதே எடம்தான், இதே மிசினுதான்.

இன்னா, எனுக்கு இங்கிலீஷ் எப்டின்னா? பி.யூ.சி. பெயிலு. ஆனா இங்கிலீஷ்ல அறுவத்தெட்டு. கணக்குலதான் போச்சு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்டூட்ல நாலு வருசம் சாயங்காலத்துல கிராமர் எடுத்தவன் நானு. தமிழ்ல வந்தேன்னா வந்தேன், முடிஞ்சுது. அங்க அப்டி இல்ல. ஐ கேம்னா எப்பவோ வந்தேன். ஐ ஹாவ் கம்னா வந்துகினேன், இங்கதான் கீறேன். அது கூட இன்னா துண்டு வார்த்தையச் சேக்கறியோ, அத்தப் பொறுத்து ஆளே மாறிப்பூடுவான். ஆல்ரெடின்னு போட்டா, நான் சாப்ட்டாச்சு, எனுக்கு எல போடாதேன்னு அர்த்தம். நாட் யெட்னு போட்டா, இன்னும் இல்ல, பசியோட கீறேன்னு அர்த்தம். ஃபார் போட்டா எத்தினி நாளுன்னு சொல்லும். சின்ஸ் போட்டா ஒரு தேதியப் புட்சிக்கும். அந்தத் தேதிலேர்ந்து இந்த நிமிசம் வரிக்கும், நடுவுல ஒரு நாளக்கூட வுடாம அள்ளிக்கும். படிக்க வந்ததுங்க எல்லாம் இங்கதான் வழுக்கி வுழுவும். நான் வுழுந்ததில்ல.

துலுக்கானம் மூணாவது வரிக்கும் படிச்சவன். குந்திகினு நிறுத்தி நிதானமா சொன்னான். அண்ணாத்தே, பதினஞ்சாந்தேதிலேர்ந்து என்ன உள்ள வுடல, நான் தினம் வந்துகினுதான் கீறேன், அத்த எழுதுன்னான். தமிழ்ல எழுதுனா மேனேஜரு கையால தொட மாட்டாரு, அவரு வடக்கத்தி ஆளு, அதனால இங்கிலீஷ்லயே போடுன்னான். நான் அடிச்சேன். ஐ ஹாவ் நாட் கம் டு டியூட்டி சின்ஸ் ஃபிஃப்டீன்த் ஜூன்.

பாத்தியா, உனுக்கும் ஒண்ணும் தோணல. அவனுக்கும் தோணல. படிச்சுக் காட்டுனேன். டியூட்டி காதுல வுழுந்துது, ஜூன் காதுல வுழுந்துது, தலைய ஆட்னான். எல்லாம் வந்துடுச்சா அண்ணாத்தேன்னு கேட்டான். வந்துடுச்சுன்னேன். தமிழ்ல கையெழுத்துப் போட்டான், ஒவ்வொரு எழுத்தா. அந்த வரிக்கு இன்னா அர்த்தம் தெரியுமா? ஜூன் பதினஞ்சுலேர்ந்து இன்னிக்கு வரிக்கும் நான் வேலைக்கு வர்லன்னு அர்த்தம். வர வுடலன்னு இல்ல. அவன் வெய்யில்ல நின்ன அத்தினி நாளையும் அந்த ஒரு சின்ஸு தூக்கி வாயில போட்டுகிச்சு. ஐ ஹாவ் நாட் பீன் அலௌட்னு இருந்திருக்கணும். ரெண்டே வார்த்ததான் வித்தியாசம்.

ரிஜிஸ்டர் தபால்ல போச்சு. பத்து நாள்ல பதில் வந்துது. எங்கிட்டதான் படிக்க எடுத்துகினு வந்தான். வேலைக்கு வர்லன்னு நீயே கைப்பட ஒத்துகினுகீற, நீயே வேலைய வுட்டுட்டுப் பூட்ட, அதனால உன் பேர ரோல்லேர்ந்து எடுத்தாச்சுன்னு போட்ருந்துது. நான் அப்டி சொல்லவே இல்லியே அண்ணாத்தேன்னான். நான் மிசின்ல ரிப்பன மாத்திகினு இருந்தேன்.

லேபர் ஆபீசுக்குப் போனான். அங்கேர்ந்து லேபர் கோர்ட்டு. அஞ்சு வருசம். அவன் கேட்டுல நின்னத தினம் பாத்தவங்க எரநூறு பேரு இருப்பாங்க, ஒருத்தனும் சாட்சிக்கு வர்ல. எல்லாருக்கும் புள்ளகுட்டி கீது. கம்பெனி வக்கீலு அந்த லெட்டர நீட்டி, இது உன் கையெழுத்துதானேன்னாரு. ஆமான்னான். படிச்சுப் பாத்துதானே போட்டேன்னாரு. படிச்சுக் காட்னாங்கன்னான். அப்ப அந்த ஆளக் கூப்டுன்னாங்க.

போனேன். போவாம இருக்க முடியுமா. கூண்டுல நின்னேன். இவுரு இன்னா சொன்னாருன்னு ஜட்ஜு கேட்டாரு. துலுக்கானம் என்னியே பாத்துகினு நின்னான். அவன் முகத்துல பயமே இல்ல, அதான் நைனா. அண்ணாத்த வந்துட்டாரு, இனிமே ஒண்ணும் இல்லன்னு நிக்கறவன் மாதிரி நின்னான். அவரு இன்னா சொன்னாரோ அத்ததான் எழுதினேன்னேன். வேற ஒண்ணும் கேக்கல. எறங்கிட்டேன். கேஸு தள்ளுபடி.

இப்பவா? இப்ப பட்டாபிராம் சைடிங்ல, கூட்ஸ் வண்டி நிக்கற எடத்துல, மூட்டை தூக்கறான். நாப்பத்தெட்டு வயசுல வாகன்லேர்ந்து மூட்டை எறக்குனா முதுகு இன்னா ஆவும். பார்வதம் ரெண்டு மூணு ஊட்ல பாத்தரம் தேய்க்குது.

கோவமா? அவனுக்கா? அத்த ஏன் கேக்கற. போன மாசம் ஆவடி பிளாட்பாரத்துல பாத்தேன். பாத்தும் பாக்காத மாதிரி நான் தள்ளிப் போறேன், கூப்புட்டு வந்து கையப் புட்சிகினான். கூட இருந்த ஆளுங்க கிட்ட என்னக் காட்டி, இவுருதான் எனுக்கு லெட்டர் எழுதிக் குடுத்த அண்ணாத்தன்னான். பாவம், இங்கிலீஷ் அவ்ளோவா பத்தல அவருக்கு, தெரிஞ்ச வரிக்கும் எழுதினாரு, கோர்ட்டு வரிக்கும் வந்து நின்னாரே, யாரு வந்தாங்கன்னான். அவனுங்களும் என்னப் பாத்து தலைய ஆட்றானுங்க. எட்டு வருசமா இந்த எஸ்டேட்டு பூரா அதான் பேச்சு. உலகநாதனுக்கு அரகொற இங்கிலீஷு, அதனால ஒருத்தன் வேலை பூட்ச்சு.

அரகொறயா. எனுக்கா.

லெட்டருக்கு மொத நாளு சாயங்காலம் மேனேஜரு என்ன ரூமுக்குக் கூப்ட்டனுப்பினாரு. அவங்க டைப்பிஸ்ட்டு லீவு போட்டா நான்தானே போய் அடிப்பேன், பழக்கம்தான். துலுக்கானம் லெட்டர் போடப் போறான்னு கேள்வி, உங்கிட்டதான் வருவான்னாரு. அவன் சொல்றத எழுது, ஒரு எடத்துல மட்டும் பாத்து எழுதுன்னாரு. வேற ஒண்ணும் வெளக்கல. எனுக்குப் புரிஞ்சுதுன்னு அவருக்குத் தெரியும். என் சம்சாரம் கஸ்தூரிக்கு அங்க ஒரு வேலை வேணும்னு நான் ரெண்டு வருசமா அவர் ரூமு வாசல்ல நின்னவன். ஆகஸ்ட்டுல பேக்கிங்ல சேத்துகினாங்க. இன்னிக்கும் அங்கதான் கீறா. நல்லா பாத்துக்கறாங்க, கொற சொல்லக்கூடாது.

இன்னா, எழுந்துட்ட. பரவால்ல நைனா, போ. போஸ்டாபீசு வாசல்ல பார்த்தசாரதின்னு ஒருத்தரு குந்திகினு இருப்பாரு, அவர்கிட்ட எழுதிக்கோ. அவருக்கு இந்த அளவுக்கு இங்கிலீஷ் வராது. நீ சொல்றத அப்டியே எழுதிடுவாரு.