பிரேமினி வரைந்த கவுன்கள்

மேடையில் இருக்கும் தலைவர் கஜேந்திரன் ஐயா அவர்களே, மாலையோடு வந்திருக்கும் ஹோட்டல் முகாமையாளர் அவர்களே, திம்புள்ள மலைகளிலிருந்து அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அரைப்பேரோடு இறங்கி வந்திருக்கும் சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். ஹட்டனில் தையல்கடை நடத்தும் சுபைதா நான்.

காய்ச்சலில் விழுந்து, இந்தச் சின்ன வயதில் போய்விட்ட ஓவியர் பிரேமினிக்கு இன்று கலையரசி என்று பட்டம் கொடுத்தீர்கள். உயிரோடு இருந்தபோது யார் அவளை அப்படிக் கூப்பிட்டீர்கள்? கூப்பிட்டவர் இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.

என் கடையில் உடுப்புக்குப் படம் வரைந்தவள் அவள். சாப்பாட்டு மண்டபத்தில் மாட்டுவதற்கு வெள்ளைக்காரர் காலத்து நாகரிகப் பெண்களின் படங்கள் வேண்டும் என்று ஹோட்டலார் வந்தார்கள். வரைந்தாள். காதுவரை இறங்கும் தொப்பி, இடுப்புவரை தொங்கும் முத்துமாலை, தோளிலிருந்து கணுக்கால்வரை ஒரே வீச்சில் விழும் பட்டுக் கவுன். அவளுக்கு முன்னால் வந்து நின்றது யார்? தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு லயத்து வீடுகளுக்குத் திரும்பிய பெண்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்காமலே நின்றார்கள். அந்த நனைந்த படங்கைத்தான் அவள் பட்டாக்கினாள். படத்தில் எல்லோருடைய கழுத்தும் சற்று முன்னால் சாய்ந்திருக்கும். என்ன நளினம் என்று விருந்தாளிகள் வியக்கிறார்களாம். நெற்றியில் கூடைக்கயிறு மாட்டி மலையேறிய கழுத்து வேறு எப்படி நிற்கும்?

படங்களின் கீழே பித்தளைத் தகடு அடித்தார்கள். தொண்ணூறு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி வரைந்ததாம். தன் பெயர் எங்கே என்று பிரேமினி கேட்கப் போனாள். நானும் கூடப் போனேன்.

"விருந்தாளிங்களுக்கு அந்தக் கதைதான் புடிச்சிருக்கு தங்கச்சி. ஒங்க பேரப் போட்டா யாரு பார்ப்பாங்க?" என்றார், இதோ மாலையோடு வந்திருக்கும் முகாமையாளர் ஐயா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: "நான் செத்தாலாவது மாத்துவாங்களா அக்கா?"

செத்துவிட்டாள் ஐயா. நேற்று உங்கள் ஹோட்டலுக்கு வந்து பார்த்தேன். தகட்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறீர்கள்.

அவள் பணியைத் தொடர்வோம் என்று பேசியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எந்தப் பணியை? முன்வரிசையில் இருக்கும் ராசம்மா அவளைப் பெற்றவர். அந்தச் சாப்பாட்டு மண்டபத்தின் நடுப்படத்தில் கவுனோடு நிற்பவரும் இவர்தான். காலையில் என்னிடம் சொன்னார்: "நாளைக்கு நான் போயி அந்தப் படத்துக்குக் கீழ நிக்கிறேன் சுபைதாம்மா. எம் மூஞ்சியப் பார்த்துட்டு அந்தத் தகட்ட வாசிக்கட்டும்."

நாளை வருகிறோம் ஐயா. இந்தப் பெண்கள் அவரவர் படத்தின் கீழே நிற்பார்கள். பிரேமினியின் பெயர் ஏறும்வரை ஒருவரும் நகரமாட்டோம். உங்கள் விருந்தாளிகள் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடட்டும்.