மேட்டிலிருந்து இறங்கிய வண்டி

— உள்ளதச் சொல்றேன் தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க. பிஸ்டன் பிடிச்சுப் போயிக் கெடக்கு. கிக்கர் மேல ஏறி நின்னே பாத்துட்டேன், அசையல. டேங்குக்குள்ள பூரா துரு. ஒயர எலி தின்னுருச்சு. இருபது வருசத்துக்கு மேல ஒரே எடத்துல நின்ன வண்டி வேற எப்பிடி இருக்கும்?

— அதத்தான் பிரேம்சிங் அண்ணே நானும் ரெண்டு நாளாச் சொல்றேன். என் தங்கச்சி கேட்டாத்தான? ஊருலருந்து உங்க போடி பட்டறைக்கு ஏத்திக்கிட்டு வந்துட்டா. கட்டப்பனைக்காரரு பதினோரு மணிக்கு வர்றேன்னுருக்காரு. இருக்குறபடியே ஏத்திக்கிட்டுப் போறாராம். பழைய வண்டின்னா அவருக்குக் கிறுக்கு. குடுத்துட்டு அவங்கவங்க சோலியப் பாப்போம்.

— குடுக்க வேணாம்னு சொன்னேன்ல அண்ணே.

— கலை, அப்பா செத்து மூணு மாசமாச்சு. ராசிங்காபுரத்து வீட்டுல இருக்குறது ஒரே ஒரு மாட்டுக் கொட்டம். இந்த ராஜ்தூத்து பைக்கு நின்ன எடத்துல ரெண்டு மாடு கட்டலாம். அப்பா இருக்குற மட்டும் நான் வாயத் திறக்கல. இப்பவும் இதக் கும்பிட்டுக்கிட்டு இருன்னா எப்பிடி?

— பிரேம்சிங் அண்ணே, நீங்க சொல்லுங்க. இத ஓட வைக்க முடியுமா, முடியாதா?

— முடியாதுன்னு எந்த மெக்கானிக்கும் சொல்ல மாட்டான் தாயி. சிலிண்டரக் கடைஞ்சு போரு அடிக்கணும். பிஸ்டன், ரிங்கு எல்லாம் மதுரையில பழைய சாமான் கடையில தேடிப் பிடிக்கணும். ரெண்டு மாசம் குடுத்தா ஓடும். ஆனா எதுக்கு? நீ மதுரையில நர்சு வேலை பாக்குறவ. போயிட்டு வர ஸ்கூட்டி வச்சிருக்க. இதப் போயி எங்க ஓட்டப் போற?

— ஒரே ஒரு தடவை போடிமெட்டுலருந்து கீழ இறக்கணும். அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் அண்ணன் வித்துக்கிடட்டும்.

— ஒரு தடவை இறக்குறதுக்கு ரெண்டு மாசம் சோலியா? கேட்டீங்களா அண்ணே இவ பேச்ச?

— இருங்க தம்பி. பாப்பா ஏதோ மனசுல வச்சுத்தான் கேக்குது.

— பிரேம்சிங் அண்ணே, இன்னொண்ணு. இந்த வண்டி ஓடுன காலத்துல நாலு பேரு இதுல ஏறி, மழையில, மேட்டுலருந்து போடி வந்து சேர எம்புட்டு நேரமாயிருக்கும்?

— நாலு பேரா? பதினேழு வளைவுலயுமா? பிரேக்கு சூடேறிரும் தாயி. நின்னு நின்னுதான் வரணும். அப்ப இருந்த ரோட்டுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

— பாதி மலையிலருந்துன்னா?

— அரை மணி நேரம்னு வையி. எதுக்குக் கேக்குற?

— சும்மாதான்.

— எதுக்குப் பாப்பா இப்ப அந்தக் கணக்கெல்லாம்? விடு.

— சரி, அத விடுங்க ரெண்டு பேரும். இந்த சைடுல இருக்குற டூல்ஸ் பெட்டிக்குச் சாவி இருக்கா தம்பி?

— இல்லண்ணே. அப்பா எங்க தொலைச்சுச்சோ.

— அப்ப நெம்பித்தான் எடுக்கணும். பொறுங்க. ம், வந்துருச்சு. ஸ்பானர் ஒண்ணு, பழைய பிளக்கு ஒண்ணு. இதென்ன, துண்டா? பச்சைக்கரை போட்ட துண்டு. கயிறு மாதிரி முறுக்கிப் போயிக் கெடக்கு. கை தொடைக்க ஆகும், இங்கிட்டுப் போட்டுக்கிடவா?

— அத எங்கிட்டக் குடுங்கண்ணே.

— அவகிட்டக் குடுக்காதீங்க. தூக்கி அடுப்புல போடுங்க.

— என்ன தம்பி, ஒரு துண்டுக்குப் போயி முகமே மாறிப் போச்சு? இந்தா தாயி, பிடி. நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் ரயில்வே கேட்டுக்கிட்டப் போயி ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன். இன்னைக்கு ஏலக்கா ஏலம், ரோடு பூரா ஜீப்பா நிக்கும். கட்டப்பனைக்காரரு வர எப்பிடியும் லேட்டாகும்.

— அண்ணே, இது அன்னைக்குக் கட்டுன துண்டுதான?

— என்னைக்கு?

— நாம அம்மாவக் கூட்டிக்கிட்டு மலையிலருந்து இறங்குன அன்னைக்கு.

— உனக்கு அப்ப ஆறு வயசு. என்ன ஞாபகம் இருக்கப் போகுது?

— எல்லாம் இருக்கு. நான் டேங்கு மேல உக்காந்திருந்தேன். எனக்குப் பின்னாடி அப்பா, அப்பாவுக்குப் பின்னாடி அம்மா, கடைசியில நீ. அப்பா மழைக்குத் தலையில சாக்கக் கவுத்து, காதோட சேத்துக் கட்டியிருந்துச்சு. அம்மா தலை அப்பா தோளத் தாண்டி முன்னாடி சாஞ்சு கெடந்துச்சு. அம்மா முடி என் கழுத்துல உரசிக்கிட்டே வந்துச்சு.

— ம்.

— அம்மா ரெண்டு கையையும் அப்பா இடுப்பச் சுத்தி முன்னாடி கொண்டாந்து இந்தத் துண்டாலதான் கட்டியிருந்துச்சு. அந்தக் கை என் மடியிலதான் கெடந்துச்சு. வழி பூரா நான் அதப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். மேட்டுல செக்போஸ்ட்டுக்காரரு மழை இருட்டுல டார்ச்ச அடிச்சு, யாரும்மா இதுன்னாரு. எங்கம்மாவுக்குக் காய்ச்சல், தூங்குதுன்னு நான்தான் சொன்னேன். அப்பா சொல்லிக் குடுத்துருந்துச்சு.

— போதும் பாப்பா.

— எனக்கு இருக்குற அம்மா அம்புட்டுத்தான் அண்ணே. மூஞ்சி கூட போட்டோவப் பாத்தாத்தான் வருது. அந்தக் கையும் இந்த வண்டியும்தான் ஞாபகம். இதப் போயி யாருக்கோ தூக்கிக் குடுன்னா நான் எப்பிடிக் குடுப்பேன்?

— அதுக்காகத்தான் குடுக்கச் சொல்றேன். நீ மொதல்ல அந்த ஸ்டூல்ல உக்காரு.

— நிக்கிறேன். சொல்லு.

— உக்காரு தாயி. அப்பா உசுரோட இருக்குற மட்டும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்துச்சு. இப்ப அப்பா இல்ல. அம்மா போடி ஆஸ்பத்திரியில சாகல.

— தெரியும். நாம ஆஸ்பத்திரிக்கே போகல. நேரா ராசிங்காபுரத்துக்குத்தான் போனோம்.

— ஏன் போகலன்னு தெரியுமா?

— நீயே சொல்லு.

— கெளம்பும்போதே அம்மா இல்ல பாப்பா. நாம வேலை பாத்த ஏலத்தோட்டத்து லயத்து வீட்டுலயே முடிஞ்சு போச்சு. மூணு நாளு காய்ச்சல். ஒரு வா கஞ்சி இறங்கல. விடியக்காலம் அப்பா தொட்டுப் பாத்துச்சு, சில்லுனு கெடந்துச்சு. செத்த உடம்பக் கேரளத்துப் பக்கத்துலருந்து கொண்டாரணும்னா லேசா? அங்க உள்ள போலீசு வரணும், அறுத்துப் பாக்கணும், டாக்டரு எழுதிக் குடுக்கணும். மூணு நாளாகும். எந்த ஜீப்புக்காரனும் ஏத்தவும் மாட்டான். இல்லேன்னா அங்கயே ஏலச்செடிக்குள்ள பொதச்சுட்டு வரணும். வீரலட்சுமிய அனாதையா விட்டுட்டு வர மாட்டேன்னுச்சு அப்பா.

— அதனால வண்டியில வச்சுக் கொண்டாந்தீங்க.

— அந்த லயத்துல அதுக்கு முன்னாடியும் ரெண்டு பேர அப்பிடித்தான் கொண்டாந்தாங்க. நடுவுல உக்கார வச்சு, சீக்காளி மாதிரி போத்தி, முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன். நீ பிடிச்சுக்கிட்டு வந்தது செத்த கை தாயி. உன்ன வச்சே போலீசுகிட்டப் பொய்யும் சொல்ல வச்சோம். அது உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ஆஸ்பத்திரியில செத்துச்சுன்னு சொல்லி வச்சோம். என்னய மன்னிச்சுரு.

— அம்மா செத்துருச்சுன்னு யாரு சொன்னா?

— மருத்துவச்சி பெரியம்மாள்தான். லயத்துல பிரசவம்னாலும் சாவுன்னாலும் அதத்தான் கூப்பிடுவாங்க.

— கையப் பிடிச்சுப் பாத்துச்சா, கழுத்துல தொட்டுப் பாத்துச்சா?

— கையத்தான்.

— எம்புட்டு நேரம்?

— என்ன கேள்வி இது, வார்டுல விசாரிக்கிற மாதிரி? பாத்துச்சு, அடங்கிருச்சு தவசின்னு அப்பாகிட்டச் சொன்னுச்சு. அப்பா சுவத்துல தலைய முட்டிக்கிட்டு அழுதுச்சு. எனக்கு அழுகக்கூடத் தோணல. நீ தூங்கிக்கிட்டு இருந்த.

— அங்க அம்புட்டுக் குளிரு. மூணு நாளா வயித்துல ஒண்ணுமில்ல. உடம்பு அப்பிடிச் சில்லிட்டுப் போனா, நாடி விரலுக்கு அகப்படாது அண்ணே.

— அதெல்லாம் உன் படிப்பு. அன்னைக்கு அங்க யாரு இருந்தா படிச்சவுக?

— அப்பா சாகுறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி எங்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. அன்னைக்கு வண்டியில உங்கம்மா கை எப்பிடி இருந்துச்சு பாப்பான்னு.

— உங்கிட்டயா? நீ என்ன சொன்ன?

— சில்லுனு இருந்துச்சுப்பான்னேன். சரின்னு கண்ண மூடிக்கிட்டுச்சு.

— பாவம். கடைசி மட்டும் அதே நெனப்புலதான் இருந்துருக்கு. நான் மட்டும் என்ன? நான் இந்த வண்டிய விக்கச் சொல்றது செத்த உடம்பு வந்த வண்டிங்குறதுக்காக இல்ல கலை.

— பின்ன?

— அந்தத் துண்டக் கட்டுனது நான். அப்பா ஹேண்டில்பாரப் பிடிச்சுக்கிட்டு, கட்டுடா முத்துக்கண்ணான்னுச்சு. பதினாலு வயசு. எனக்குத் தெரிஞ்ச முடிச்சு ஏலக்கா மூட்டைக்குப் போடுறது ஒண்ணுதான். ஒரு முனைய இழுத்தா பட்டுனு அவுந்துரும். காய உலர்த்துற எடத்துல வெரசா அவுக்கணும்னு அப்பிடித்தான் போடுவோம். அதையே போட்டேன்.

— அண்ணே.

— சொல்ல விடு. பாதி மலை இறங்கியாச்சு. தண்ணி விழுகுற வளைவத் தாண்டுறோம், முடிச்சு அவுந்துருச்சு. அம்மா ஒரு பக்கமாச் சரியுது. நான் கக்கத்துல கை குடுத்துப் பிடிச்சேன், முடியல. வண்டி நிக்கிறதுக்குள்ள அம்மா காலு ரோட்டுல உராஞ்சுக்கிட்டே வந்துச்சு. அப்பா இறங்கி வந்து திருப்பிக் கட்டுச்சு. உங்கம்மாவ மூட்டைன்னு நெனச்சியாடான்னு கேட்டுச்சு. அடிக்கல, வையல. அந்த ஒத்த வார்த்தைதான்.

— அழுகாத அண்ணே.

— ஊருக்கு வந்து அம்மாவ எரிச்சோம். வண்டியக் கொட்டத்துல தள்ளுனது தள்ளுனதுதான். அப்பா விக்கவும் இல்ல, ஓட்டவும் இல்ல. தெனம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகயில இது கண்ணுல படும். ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியலயேடா, பெத்தவள ஒரு காயமில்லாமக் கொண்டாந்து சேக்கத் தெரியலயேடான்னு தோணும். இருபத்திரெண்டு வருசமா, ஒரு நாள் விடாம. எனக்கு இது கண்ணுல படக் கூடாது பாப்பா. வேற ஒண்ணுமில்ல.

— எங்கிட்ட ஒரு தடவையாச்சும் சொல்லியிருக்கலாம்ல.

— உனக்கு அம்மா கை ஒண்ணுதான மிச்சம்? அதையும் நான் எதுக்குப் பிடுங்கணும்?

— தம்பி, கட்டப்பனைக்காரரு வந்துட்டாரு. கேட்டுக்கிட்ட ஜீப்ப நிப்பாட்டியிருக்காரு. தூக்கி ஏத்த ரெண்டு ஆளும் கொண்டாந்துருக்காரு. என்னனு சொல்லட்டும்?

— அஞ்சு நிமிசம் பொறுக்கச் சொல்லுங்க பிரேம்சிங் அண்ணே.

— பொறுப்பாரு. ஒரு டீ வாங்கிக் குடுத்து உக்கார வைக்கிறேன். நீங்க கண்ணத் தொடைங்க மொதல்ல.

— கலை, எல்லாத்தையும் சொல்லிட்டேன். நெஞ்சு கொஞ்சம் லேசான மாதிரி இருக்கு. இனி உன் இஷ்டம். சரி பண்ணணும்னா பண்ணு. மேட்டுலருந்து நீ ஓட்டு, நான் பின்னாடி உக்காந்து வர்றேன். கண்ண மூடிக்கிட்டாவது வர்றேன். ஒண்ணு மட்டும் சொல்லு. அப்பிடி இறக்கி நீ எதப் பாக்கப் போற?

— அந்தத் தண்ணி விழுகுற வளைவ. அங்கருந்து போடி ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியில எம்புட்டு நேரம்னு பாக்கணும்.

— அதத் தெரிஞ்சு என்ன செய்ய? செத்தவளுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு?

— அண்ணே, அப்பா இருக்கயில நான் இதச் சொல்ல முடியல. உங்கிட்டயும் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். ஒத்தையில இறங்கிப் பாத்துட்டு மனசுக்குள்ளயே வச்சுக்கிடலாம்னு இருந்தேன். நீ தெனமும் அந்த முடிச்ச நெனச்சு வேகுறேங்குற. அதக் கேட்டதுக்கப்புறம் என்னால பேசாம இருக்க முடியாது.

— என்ன சொல்ற நீ?

— நீ போட்ட முடிச்சு தானா அவுழல.

— பின்ன?

— நான்தான் முனையப் பிடிச்சு இழுத்து விட்டேன்.

— நீயா? போகட்டும் விடு. ஆறு வயசுப் புள்ள, கைக்கு முன்னாடி கெடந்துச்சுன்னு வெளாட்டுக்கு இழுத்துருப்ப.

— வெளாட்டுக்கு இழுக்கல.

— பின்ன எதுக்குப் பாப்பா இழுத்த?

— கை வலிக்குது, அவுத்து விடு தாயின்னு அம்மா சொன்னுச்சுண்ணே.